ஆசிலாஸ்கோப்பில் 5 மில்லிவோல்ட்

கேள்வி: ஒலித்தட்டுக் கருவிக்கான ஃபோனோ ப்ரீ-ஆம்ப் (ஒலித்தட்டு ஊசி தரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் முன்பெருக்கி) ஒன்றைப் பழுதுநீக்கி, அதன் இரு சேனல்களின் பெருக்கத்தையும் சமன்செய்ய முயல்கிறேன். உள்ளீட்டில் 1 கிலோஹெர்ட்ஸ் அளவில் 5 மில்லிவோல்ட் சைன் அலையைக் கொடுத்து, அதை டிஜிட்டல் ஆசிலாஸ்கோப்பில் (மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) பார்த்தால், தெளிவான அலைக்குப் பதிலாகத் தடித்துக் கலங்கிய கோடுதான் தெரிகிறது. திரையில் காட்டும் எண்ணும் நிலைத்து நிற்பதில்லை. இன்னும் நுண்ணிய கருவி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. முதலில் ப்ரோபின் (சமிக்ஞையை ஆசிலாஸ்கோப்புக்குக் கொண்டுசெல்லும் அளவிடும் கம்பியின்) சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அது பத்து மடங்கு நிலையில் இருந்தால், சமிக்ஞை பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகே ஆசிலாஸ்கோப்பை அடைகிறது. ஆகவே, திரையின் ஒரு கட்டத்துக்கு 2 மில்லிவோல்ட் வரை இறங்கக்கூடிய கருவியும் உங்களுக்கு 20 மில்லிவோல்ட் கருவியாகிவிடுகிறது. 5 மில்லிவோல்ட் ஆர்.எம்.எஸ். (அலையின் பயனுறு சராசரி அளவு) என்பது உச்சத்துக்கு உச்சம் ஏறத்தாழ 14 மில்லிவோல்ட் என்பதால், அந்நிலையில் அலை ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது. ஒரு மடங்கு நிலைக்கு மாற்றினால் அதே அலை ஏழு கட்டங்களை நிரப்பும். ஒரு மடங்கு நிலையில் ப்ரோபின் பட்டை அகலம் (அது குறைக்காமல் கடத்தும் அதிர்வெண்களின் எல்லை) சில மெகாஹெர்ட்ஸாகக் குறையும் என்பது உண்மையே. ஆனால் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும் ஒலிப் பணிக்கு அது ஒரு பொருட்டல்ல.

அடுத்து, உயர் அதிர்வெண் இரைச்சலை வடிக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் பட்டை வரம்பை ஆசிலாஸ்கோப்பில் இயக்குங்கள். ப்ரோபின் நீண்ட எர்த் கம்பி வானொலி அலைகளையும் மின்வழங்கலின் ரீங்காரத்தையும் வாங்கித்தரும் வளையமாக இருப்பதால், அதைக் கழற்றிவிட்டுக் குட்டையான இணைப்பைப் பயன்படுத்துங்கள். பிறகு சராசரி முறையில் 64 அலைகளைச் சேர்த்தால், தற்செயலான இரைச்சல் எட்டில் ஒரு பங்காகும். ஆனால் இதற்கு ட்ரிகர் (ஒவ்வொரு முறையும் அலையை ஒரே புள்ளியிலிருந்து வரையத் தொடங்கவைக்கும் அமைப்பு) அசையாமல் நிற்க வேண்டும். கலங்கிய அலையிலேயே ட்ரிகர் செய்தால் சராசரி முறை, அலையையும் சேர்த்தே சுருக்கிவிடும். ஆகவே, சைன் அலையைத் தரும் சிக்னல் ஜெனரேட்டரின் ஒத்திசைவு வெளியீட்டை வெளி ட்ரிகர் முனையில் கொடுங்கள். எண்ணாகப் படிக்கும்போது உச்சத்துக்கு உச்ச அளவை நம்பாதீர்கள். அது இரைச்சலின் முட்களையும் முழுதாகக் கூட்டிக்கொள்கிறது. ஆர்.எம்.எஸ். அளவில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் கலந்தாலும், 5 என்பது 5.1 ஆக மட்டுமே உயரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: உள்ளீட்டின் 5 மில்லிவோல்ட்டை நீங்கள் அளக்கவே தேவையில்லை. 10 கிலோஓம், 10 ஓம் ஆகிய இரு மின்தடைகளைத் தொடராக இணைத்து, ஜெனரேட்டரின் 5 வோல்ட்டை முழுத் தொடருக்கும் கொடுத்து, 10 ஓம் மின்தடையின் இரு முனைகளிலிருந்து சமிக்ஞையை எடுங்கள். வெளிவருவது 1001-இல் ஒரு பங்கு, அதாவது மிக நெருக்கமாக 5 மில்லிவோல்ட். பெரிய அளவை, ஆசிலாஸ்கோப் நன்றாகக் காணும் இடத்தில் அளக்கிறீர்கள். சிறிய அளவைக் கணக்கு தருகிறது. இந்த இரு மின்தடைகளையும் சிறிய உலோகப் பெட்டிக்குள் வைத்து, ப்ரீ-ஆம்ப்பின் உள்ளீட்டு முனைக்கு அருகிலேயே பொருத்துங்கள். ஜெனரேட்டரிலிருந்து வரும் நீண்ட கம்பியில் அப்போது ஓடுவது 5 வோல்ட் என்பதால், ரீங்காரம் அதை அசைக்காது. பெருக்கம் 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு என்றால், வெளியீட்டில் 500 மில்லிவோல்ட் வர வேண்டும். அதைப் படிக்க எந்த ஆசிலாஸ்கோப்பும் போதும். மின்தடைகள் ஒரு சதவீதத் துல்லியம் கொண்டவையாக இருந்தாலும், ஒரே பெட்டியை இரு சேனல்களுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்துவதால், அந்தப் பிழை சமன்செய்தலைப் பாதிக்காது.

கேள்வி: ரீங்காரத்தைக் குறைக்க ஆசிலாஸ்கோப் ப்ளக்கின் எர்த் முனையைத் துண்டிக்கலாம் என்கிறார்களே?

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆசிலாஸ்கோப்பில் ப்ரோபின் கிளிப் தொடும் மின்னழுத்தம் கருவியின் உலோக உடலுக்கும் வந்துவிடும். அந்த உடலைத்தான் நீங்கள் கையால் தொடுகிறீர்கள். எர்த்தோடு பிணைக்க முடியாத இரு புள்ளிகளுக்கிடையே அளக்க வேண்டுமானால், இரண்டு ப்ரோபுகளை வைத்து, ஒரு சேனலிலிருந்து மற்றதைக் கழிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். இரு சேனல்களும் துல்லியமாக ஒத்திருப்பதில்லை, இரண்டின் இரைச்சலும் கூடிவிடுகிறது. எனவே இது வெளியீட்டுப் பக்கத்துக்கு ஏற்ற வழியே தவிர, மில்லிவோல்ட் பக்கத்துக்கு அல்ல.