கெண்டைக்கால் துண்டு பிளக்கிறதா? பின்பக்கத்தை ஒட்டாதீர்கள்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருந்த தம்பிக்கு: விண்வெளி வீரன் வேஷத்துக்கான பிளாஸ்டிக் கவசக் கிட்டில் கெண்டைக்கால் துண்டை முன்னும் பின்னும் சூப்பர் குளூவால் ஒட்டினீர்கள், காலை நுழைத்ததும் படக்கென்று பிளந்துவிட்டது, கிட்டே மட்டம் என்கிறீர்கள். கிட்டின்மேல் பழி வேண்டாம். பின்பக்கம் ஒட்டவே கூடாது! பாதம் எப்படி உள்ளே போகும்? முன்பக்க இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டு, பின்பக்கத்துக்கு வெல்க்ரோ வையுங்கள்.

சூப்பர் குளூ காய்ந்தால் விறைத்துவிடும். கவசத்தின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வளையும், காய்ந்த பசை வளையாது, அதனால்தான் விட்டுப்போகிறது. பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். விளிம்போடு விளிம்பு சேர்த்து, கிட்டில் வெட்டி மிஞ்சிய பிளாஸ்டிக்கில் 20 மி.மீ. அகலப் பட்டை நறுக்கி உட்புறம் வைத்து, இ6000 போல வளைந்துகொடுக்கும் பசையால் ஒட்டுங்கள். கிளிப்பு மாட்டி, மூன்று நாள் தொடாதீர்கள். முழுசாக இறுக 24 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். காமிக் கான் வேஷத் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒட்டுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதே இல்லை.

விரிசலுக்கு: மிஞ்சிய துண்டுகளைப் பொடியாக நறுக்கி, கண்ணாடிப் புட்டியில் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் அசிட்டோன் ஊற்றி ஊறவையுங்கள். தோசைமாவுப் பதம் வந்ததும் உட்புறமாகத் தடவுங்கள், கொஞ்சமாக. அதிகமானால் மெல்லிய பிளாஸ்டிக்கே இளகும். வராந்தாவில் வைத்துச் செய்யுங்கள், சாமி விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஆவி குபீரென்று பற்றும்.

டிசம்பர் டர்பன் வெயிலில் கவசத்தைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள், கோணிப்போகும்.