பறவை பார்க்கப் போகும்போது ஆற்றுப் படகுப் பயணம் தேவையா?

வெப்பமண்டலக் காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறேன், காட்டுக்குள் நடந்தால் போதுமா, படகுப் பயணமும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் மூன்று இரவுகள் தங்கிய அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

மழைக்காட்டு மரங்கள் 40, 50 மீட்டர் உயரம் நிற்கும். பறவைகளில் பெரும்பாலானவை உச்சியில்தான் இருக்கும். கீழே நடப்பவருக்கு இலைகளுக்கு நடுவே ஒரு வயிறோ வாலோ தெரிந்தால் பெரிது. ஆறு ஓடும் இடத்தில் காடு திறந்துகொள்கிறது. அடி முதல் உச்சி வரை மொத்த மரமும் கண்ணுக்கு நேரே நிற்கும். தாழ்ந்த கிளையில் மீன்கொத்தி, பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா, உச்சியில் பெரிய வளைந்த அலகுள்ள இருவாச்சி என்று எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

இருவாச்சிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர்னியோவில் உள்ள எட்டு வகை இருவாச்சிகளும் இந்த ஆற்றோரத்தில் இருக்கின்றன. முதல் நாள் மாலை படகில் போகும்போது தலைக்கு மேல் யாரோ பெரிய துணியை உதறுவதுபோல 'வுஷ், வுஷ்' என்று சத்தம். நிமிர்ந்தால் ஒரு ஜோடி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. இருவாச்சியின் சிறகிறகுகளின் அடிப்பகுதியைக் கீழிருந்து மூடும் சிற்றிறகுகள் இல்லாததால் காற்று இடுக்கில் புகுந்து இந்த ஓசை எழுகிறது. கண்ணில் படும் முன்பே காதில் விழுந்துவிடும். அந்தச் சத்தத்தைப் படகு எஞ்சின் ஓடும்போது கேட்கவே முடியாது. அதனால் தங்குமிடத்தை முடிவு செய்யும்போது நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, படகில் மின் மோட்டார் உண்டா என்பதுதான். பெரிய ஆற்றில் சாதாரண எஞ்சினில் போய், கிளையாற்றுக்குள் நுழைந்ததும் மின் மோட்டாருக்கு மாறுகிற படகோட்டி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கிளையாறுகளில்தான் உண்மையான பறவை பார்த்தல். சுக்காவ் கிராமத்துக்குப் பக்கத்தில் மெனாங்குல் என்று ஒன்று இருக்கிறது. அங்கே போர்னியோ தரைக்குயிலுக்காக நாங்கள் ஒரு மணி நேரம் அசையாமல் காத்திருந்தோம். போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, பெயருக்கேற்பத் தரையில் நடந்தே இரை தேடும். குரல் கிட்டத்தில் வந்தது, அப்புறம் தள்ளிப் போனது, மறுபடி வந்தது. கடைசியில் புதருக்கு நடுவே மூன்று விநாடி தெரிந்தது. அந்த மூன்று விநாடியை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சண்டகானில் விமானம் இறங்கிச் சுக்காவுக்குக் காரில் இரண்டரை மணி நேரம் போனோம். வழிநெடுக எண்ணெய்ப் பனைத் தோட்டம்தான், காடு எங்கே என்று மனசு சோர்ந்துவிட்டது. ஆற்றோரத்தில் இவ்வளவு பறவைகளும் நீள்மூக்குக் குரங்குகளும் நெருக்கமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒதுங்க வேறு இடமில்லை. 2005-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுமார் 26,000 ஹெக்டேர் காடும் ஒரே துண்டாக இல்லை, ஆற்றை ஒட்டித் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பழைய பெருமரங்கள் வெட்டப்பட்டதால் இருவாச்சிகளுக்குக் கூடு வைக்கப் பொந்துகள் போதவில்லை. அதற்காகச் செயற்கைக் கூடுப் பெட்டிகளை மரங்களில் பொருத்தியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு படகில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பறவையையும் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். நவம்பர் முதல் மார்ச் வரை மழை அதிகம், ஆறு கரை புரளும். ஏப்ரலுக்கு மேல் போவது நல்லது. பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 வகை போதும். அசையும் படகில் பத்து மடங்கு பெரிதாக்கினால் காட்சி நடுங்கும். தண்ணீர் புகாத பை ஒன்று வேண்டும். காட்டுக்குள் நடப்பதாக இருந்தால் அட்டைக்கடிக்குத் தனியாக நீளக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். இரவுப் படகில் மீன்பிடி ஆந்தையையும் கிளையில் தூங்கும் சின்ன மீன்கொத்திகளையும் காட்டுவார்கள். தூங்குகிற பறவை மேல் நெடுநேரம் டார்ச் அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு முறை போனேன், இரண்டாம் முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு இரவு போதும் என்று சொல்வார்கள், நீங்கள் மூன்று இரவாவது தங்குங்கள். எங்கள் கடைசி நாள் காலை, ஆறு மணி இருக்கும், ஆற்றின் மேல் பனி கலையவில்லை. தூரத்தில் 'ஹூ... ஹூ...' என்று ஒரு குரல் நிறுத்தி நிறுத்தி வந்தது. படகோட்டி மோட்டாரை அணைத்துவிட்டுக் கையைக் காட்டினார். குரல் மெல்ல மெல்ல வேகமெடுத்துக் கடைசியில் பெரிய சிரிப்பாக வெடித்தது. அது தலைக்கவச இருவாச்சி. மற்ற இருவாச்சிகளுக்கு அலகின் மேலுள்ள கொண்டை உள்ளே வெற்றிடமாக இருக்கும், இதற்கு மட்டும் தந்தம்போல் கெட்டி. அதற்காகவே வேட்டையாடப்பட்டு, 2015 முதல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பறவை கண்ணில் படவேயில்லை. அது இரண்டாவது முறை கூவி முடிக்கும் வரை நாங்கள் யாரும் பேசவில்லை.