உப்புக்காற்றும் உள்ளலங்காரமும்: கேள்வி பதில்

கல்லடி: அக்கா, டிசைனர் மூன்று படம் அனுப்பிவிட்டு மொத்தக் காசில் பாதியைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

படத்தை நம்பிக் கொடுக்காதீர்கள், தங்கச்சி. கணினிப் படத்தில் எந்தக் குசினியும் அழகுதான். ஓடாவிக்கு அதை வைத்து ஒரு பலகை வெட்ட முடியாது. அளவு போட்ட வேலை வரைபடம் வாங்குங்கள். என்ன பலகை, எந்தப் பிணைச்சல், பிளக் எங்கே வரும், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். டிசைனரின் கட்டணம் வேறு, சாமான் காசு வேறு. மிச்சக் காசை வேலை நகர நகரக் கொடுங்கள்.

காத்தான்குடி: பான்ட்ரி அலுமாரிக்கு எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போதுமா?

சிங்குக்குக் கீழே வேண்டவே வேண்டாம், தண்ணீர் பட்டால் ஊதிவிடும். அங்கே ஈரம் தாங்கும் மரைன் பிளைவூட் போடுங்கள். வெட்டிய ஓரங்களையும் அடைக்கச் சொல்லுங்கள். நம் கிழக்கிலங்கைக் கரையின் உப்புக்காற்றில் பலகையைவிட இரும்புதான் முதலில் போகும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஸ்டெயின்லெஸ் என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. கடலோர வீட்டின் வெளிக்கதவுக்கு 304 ரகம் போட்டால் கறல் புள்ளி விழும். 316 ரகத்தில் மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். விலை கூடத்தான். அதனால் கடல் பார்த்த பக்கத்துக்கு மட்டுமாவது அதை எழுதி வாங்குங்கள்.

அக்கரைப்பற்று: விறாந்தையை மூடி ஹோலைப் பெரிதாக்கச் சொல்கிறார் டிசைனர்.

மூடாதீர்கள். காலை வெயிலையும் மார்கழி மழையையும் சுவருக்கு வெளியே நிறுத்துவது அந்த விறாந்தைதான். அது இருப்பதால்தான் மழை நேரத்திலும் ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிறது.

அக்கரைப்பற்று: ஏசி போட்டால் சரிதானே அக்கா?

கரண்ட் போனால்? சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய ஹோலில் ஒரு பகல் இருந்து பாருங்கள், தம்பி.

கல்முனை: அக்கா பழைய காலத்துக் கதை பேசுகிறீர்கள். திறந்த விறாந்தை என்றால் தூசியும் திருட்டுப் பயமும்தான்.

பயத்துக்குக் கிரில் இருக்கிறது ஐயா, சுவர் தேவையில்லை. பழைய கதையும் இல்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் நான்கு சிறு வீடுகளை இணைத்துத் தன் வீட்டை அமைத்தபோது, நெருக்கமான ஒழுங்கையிலும் சின்னச் சின்ன முற்றங்கள் விட்டுத்தான் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே கொண்டுவந்தார். இடம் போதவில்லை என்றால் ஹோலில் நிற்கும் பெரிய சோபாவை எடுங்கள். வீட்டை வந்து பார்க்காமலே விறாந்தையை மூடச் சொல்லும் டிசைனரோடு வேலை செய்யாதீர்கள்.

ஏறாவூர்: மொத்தம் எவ்வளவு காசு முடியும்?

அளவு தெரியாமல் சொல்ல மாட்டேன்.

ஆரையம்பதி: படம் பிடித்திருக்கிறது, முற்பணம் கட்டிவிடவா?

கல்லடித் தங்கச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். வரைபடம் வரட்டும், பிறகு காசு.

களுவாஞ்சிக்குடி: குசினி எந்த மூலையில் இருக்க வேண்டும், வாஸ்துப்படி?

அது என் துறை இல்லை. புகை வெளியே போக வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காரைதீவு: அஸ்பெஸ்டஸ் கூரையில் துளை போட்டு லைற் தொங்கவிடலாமா?

கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. லைற்றைச் சுவரில் மாட்டுங்கள்.

வாழைச்சேனை: பிளாட் (கொங்கிறீற் தட்டு) அடியில் கொங்கிறீற் கழன்று கம்பி தெரிகிறது. சீலிங் அடித்து மறைத்தால் நல்லா இருக்குமா?

மறைக்காதீர்கள். கம்பி கறல் பிடித்து ஊதித்தான் கொங்கிறீற் கழல்கிறது. முதலில் ஒரு கட்டடப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை பிள்ளைகளை அந்த அறையில் படுக்க வைக்க வேண்டாம்.