கடித்தது மூட்டைப்பூச்சிதானா?

கேள்வி: கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்து போனாள். அதிலிருந்து காலையில் எழுந்தால் என் கையிலும் கழுத்திலும் தடிப்பு தடிப்பாக இருக்கிறது. பக்கத்தில் படுக்கும் கணவருக்கு ஒன்றும் இல்லை, கொசு என்கிறார். விரிப்புகளை வாராவாரம் துவைக்கிறேன். மூட்டைப்பூச்சியாக இருக்குமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இருக்கலாம் அம்மா. ஆனால் தடிப்பை மட்டும் வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கொசு கடித்தாலும் வீங்கும், சிரங்கும் இராத்திரியில்தான் அதிகம் அரிக்கும். கணவரைக் கடிக்கவில்லை என்றும் நினைக்காதீர்கள். சிலருக்குக் கடித்த அடையாளமே தெரியாது. நான் மருந்து அடிக்கப் போகும் வீடுகளில், "எனக்கு ஒன்றுமில்லையே" என்பவர் படுக்கும் பக்கத்திலேயே கும்பலாக இருக்கும்.

அதனால் கட்டிலைச் சோதியுங்கள். ஒரு டார்ச்சும் பழைய ஏ.டி.எம். கார்டும் போதும். விரிப்பை உருவிவிட்டு, தலைமாட்டில் தொடங்கி மெத்தை ஓரத் தையலை விரலால் பிரித்துக்கொண்டே வாருங்கள். பேனா மையால் குத்தி வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரிகிறதா? அது பூச்சியின் கழிவு, செரித்துப்போன நம் ரத்தம். ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள், பழுப்பாகக் கரைந்து இழுபடும். அங்கேயே மெல்லிய தேன் நிறத் தோல்களும் கிடக்கும். ஒவ்வொரு குஞ்சும் பெரிதாவதற்குள் ஐந்து முறை தோல் உரிக்கிறது. முட்டை வெள்ளையாக, 1 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் கட்டில் காலும் சட்டமும் சேரும் இடுக்கில் கார்டை விட்டு நெம்புங்கள். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர், தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். ரத்தம் குடித்திருந்தால் உப்பி நீண்டிருக்கும். பறந்தாலோ குதித்தாலோ அது வேறு பூச்சி.

மகளைத் திட்டாதீர்கள். பெட்டியின் தையலில், ஜிப் ஓரத்தில் ஒளிந்து எந்த வீட்டுக்கும் வரும். சுத்தமான வீடு, அழுக்கு வீடு என்று அது பார்ப்பதில்லை. அவள் பெட்டியையும் இதே மாதிரி பார்த்துவிடுங்கள்.

மண்ணெண்ணெய் மட்டும் ஊற்ற வேண்டாம், தீப்பிடிக்கும். பயந்துபோய் அடுத்த அறையில் போய்ப் படுக்காதீர்கள், அங்கேயும் பரவும். விரிப்பு, தலையணை உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். ஒரு பூச்சி கிடைத்தால் நசுக்காமல் டேப்பில் ஒட்டி வைத்து, மருந்து அடிக்க வருகிறவரிடம் காட்டுங்கள். கட்டிலைக் கழற்றிப் பார்க்காமலே மருந்தை எடுக்கிறவர் என்றால், வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.