விதையில் வந்த டேலியா ஒற்றையடுக்காகப் பூத்தது ஏன்?

கோத்தகிரியில் விதை போட்டு, பாக்கெட் படத்தில் இருந்த பந்துப் பூ வராமல், நடுவில் மஞ்சளோடு ஒற்றையடுக்குப் பூ வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வளர்ப்பில் தவறில்லை. டேலியாவில் குரோமோசோம்கள் எட்டுத் தொகுதி; விதை உருவாகும்போது அவை புதிதாகக் கலப்பதால் தாய்ச்செடியின் பூ விதையில் அப்படியே வராது. உரம் போட்டு அடுக்கைக் கூட்ட முடியாது.

பூவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளியிதழுக்கும் மஞ்சளுக்கும் நடுவே குட்டி இதழ்கள் வளையமாக நின்றால் அது காலரெட். தூக்கிப் போடாதீர்கள், அழகான வகை.

பந்து வகைதான் வேண்டுமென்றால் கிழங்கு வாங்குங்கள். பந்துப் பூவில் இதழ் உள்பக்கமாகச் சுருண்டு தேன்கூடு மாதிரி அடுக்கியிருக்கும். பூ சுமார் 5 செ.மீ.க்குள் என்றால் பாம்பான் (pompon), மேலே போனால் பால் (ball) வகை. இதழ் வெளிப்பக்கமாகச் சுருண்டு ஊசிபோல் நின்றால் கேக்டஸ், தட்டையாக இருந்தால் டெக்கரேட்டிவ். கடைக்காரர் எல்லாவற்றையும் 'டபுள்' என்றே விற்பார், கேட்டு வாங்குங்கள்.

கிழங்கின் கழுத்து, தண்டோடு சேரும் இடத்தில், கண் (முளை கிளம்பும் புள்ளி) இருக்க வேண்டும். கண் இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. 10 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். மண் லேசாக ஈரமாக இருந்தால் முளை தெரியும்வரை தண்ணீரே வேண்டாம். பெரும்பாலும் அழுகுவது இந்தக் கட்டத்தில்தான். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பெரிய பூ வகைகளுக்கு நடுமொட்டின் இருபுறமும் உள்ள பக்கமொட்டு இரண்டையும் எடுக்கலாம், பாம்பானுக்கு எடுத்தால் பூ பருத்து வடிவம் கெடும்.