அலுமினியமும் இரும்பும்: லேத்தில் ஒட்டினது ஏன் முறியுது?

தம்பி, லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், சுழற்றி உரசி ஒட்டின அலுமினியக் கம்பியும் இரும்புக் கம்பியும் ஆறினதும் தட்ட முறியுது என்கிறீர்கள். கனநேரம் உரசினதுதான் வினை. இப்படி உரசி ஒட்டும் உராய்வு வெல்டிங்கில் உலோகம் உருகக் கூடாது, இளகினால் போதும். அலுமினியம் 660 பாகை செல்சியசிலேயே உருகிவிடும், சூடு நீள நீள இரண்டு உலோகமும் கலந்த ஒரு நொறுங்கும் படலம் நடுவில் தடிக்கும், அதுதான் முறிகிறது. அப்புறம், சுவிட்சை நிறுத்தினாலும் கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக் உடனே நிற்காதே, அந்தக் கடைசிச் சுற்றுகள் ஒட்டினதையும் கிழித்துவிடும். பிரேக் உள்ள லேத்தாகப் பாருங்கோ, நின்ற கணமே மற்றக் கம்பியை எதிரில் பிடித்து அழுத்தும் டெயில்ஸ்டாக்கை இன்னும் இறுக்க வேண்டும். இரண்டு முகத்தையும் புதிதாகச் சீவி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்த கையோடு ஒட்டுங்கோ. பாரம் தாங்கும் இடமென்றால் இந்த வேலையே வேண்டாம், மரை வெட்டிப் பூட்டுங்கோ.