ஆள் இறந்து கிடந்த அறையும் வீடு நிறையச் சாமான்களும்: எதை முதலில் செய்வது?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த என் பெரியப்பா சென்ற வாரம் காலமானார். நான்கு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை, தகனம் எல்லாம் முடிந்துவிட்டன. அவர் படுத்திருந்த அறையில் இலவம்பஞ்சு மெத்தை, ஜமுக்காளம், காவித் தரை எல்லாம் நனைந்து ஊறியிருக்கின்றன. மற்ற அறைகளில் பழைய பேப்பர்க் கட்டு, சாக்கு, மருந்து டப்பா, மூட்டை முடிச்சு என்று கால் வைக்க இடமில்லை. எலித் தொல்லையும் உண்டு. அவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டவர். பதினாறாம் நாள் காரியத்துக்குள் வீட்டைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்கிறார் அப்பா. பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தண்ணீர் அடித்துக் கழுவி விட்டால் போதுங்களா? இல்லை, கோயமுத்தூரிலிருந்து ஆள் வைத்துச் செய்ய வேண்டுமா?

பதில்: அந்த ஓர் அறைக்குப் பழக்கமுள்ள நிறுவனத்தை வையுங்கள், மற்ற அறைகளைத் தக்க பாதுகாப்போடு குடும்பத்தாரே செய்துகொள்ளலாம், காரியத்தை மண்டபத்திலோ பங்காளி வீட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் என்ற கெடு இருக்கும்வரை இந்த வேலை அவசரத்தில்தான் நடக்கும், அவசரத்தில் முதலில் கைக்கு வருவது தண்ணீர்க் குழாய்தான். ஆனால் இந்த வீட்டில் கடைசியாக வரவேண்டியது தண்ணீர்.

காவித் தரை வழவழவென்று இருப்பதால் நீர் இறங்காது என்று தோன்றும். கட்டில் கால் அழுந்திய இடத்திலும் சுவரை ஒட்டியும் மயிரிழை போல் ஓடும் வெடிப்புகளைப் பார்த்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். உடலிலிருந்து வடிந்த நீர் அந்த வெடிப்புகள் வழியே காரைக்கு அடியிலுள்ள மண்ணுக்கும், சுவர் மண்சுவராக இருந்தால் அதன் அடிப்பகுதிக்கும் போயிருக்கும். மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் கறை மறையும். ஆனால் கரைந்த கழிவு இன்னும் ஆழமாக இறங்கும், அகலமாகவும் பரவும், வாசற்படி தாண்டி ஓடினால் கிணற்றையும் எட்டும். பிறகு தரையை ஓரடி பெயர்க்க வேண்டிய இடத்தில் மூன்றடி பெயர்க்க வேண்டியிருக்கும்.

பிளீச்சிங் பவுடர் நல்ல பொருள்தான், ஆனால் அழுக்கின் மேல் தூவினால் வேலை செய்யாது. அதிலுள்ள குளோரின் இரத்தம், கொழுப்பு, சீழ் போன்ற கரிமப் பொருளோடு வினை புரிந்தே தீர்ந்துவிடும்; அடியிலிருக்கும் கிருமிக்கு மிச்சம் இருக்காது. ஆகவே முதலில் ஊறியதை அகற்ற வேண்டும், அடுத்துச் சோப்புநீரில் துடைத்தெடுக்க வேண்டும், அதன் பிறகே குளோரின் நீர். நல்ல பவுடரில் ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின் இருக்கும் என்பதால், 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளிக்கு 300 கிராம் போட்டால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். உடல்நீர் பட்ட இடத்துக்கு அது. மற்ற இடங்களுக்கு 150 கிராம் போதும். கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்த இடம் குறைந்தது பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அது ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடுமாதலால் மறுபடியும் நனைக்க வேண்டும். அன்றைய கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள். பஞ்சாயத்தில் எப்போதோ வாங்கி வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் மணம் இருக்குமே தவிர வீரியம் இருக்காது. இரும்பு பீரோ, கட்டில் சட்டம் ஆகியவற்றை அரிக்கும் என்பதால் பின்னர் நல்ல நீரால் துடையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே இடத்தில் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும். அமோனியா கலந்த துப்புரவு நீரோடும், தேங்கிய சிறுநீரோடும் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். கறை போகவில்லை என்று ஒருவர் ஆசிட் ஊற்றுவதும், நாற்றம் போகவில்லை என்று மற்றொருவர் பவுடர் தூவுவதும் எழவு வீட்டுப் பரபரப்பில் எளிதாக நடந்துவிடும். ஆசிட் பாட்டிலை முன்பே வீட்டை விட்டு வெளியே வைத்துவிடுங்கள்.

இனி, அந்த அறைக்கு ஏன் வெளியாள் என்பது. நாற்றத்துக்குப் பயந்து அல்ல. அழுகும் உடலின் நாற்றம் குமட்டும், தலைவலி தரும். ஆனால் நாற்றமே நோயைப் பரப்பாது. அச்சப்பட வேண்டியது இரத்தத்தையும் உடல்நீரையும். மஞ்சள் காமாலையின் பி வகை (ஹெபடைடிஸ் பி) வைரஸ் காய்ந்த இரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. அமெரிக்காவில் 1991-லேயே, இரத்தம் படும் வேலையில் ஈடுபடுவோருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதலாளி தம் செலவில் போட முன்வர வேண்டும் என்று விதி செய்தார்கள். நம் ஊரில் ஐந்நூறு ரூபாயும் ஒரு குவாட்டரும் கொடுத்து, கையுறைகூட இல்லாமல் ஒரு தூய்மைப் பணியாளரை உள்ளே அனுப்பிவிட்டு, வீட்டார் வேப்ப மரத்தடியில் நிற்பார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை.

இதைத் தனித் தொழிலாகவே செய்வோர் நம் பக்கத்தில் குறைவு. கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களில் மருத்துவமனைத் துப்புரவும் பூச்சிக் கட்டுப்பாடும் செய்யும் நிறுவனங்களை விசாரியுங்கள். வந்து பார்க்காமல் போனிலேயே தொகை சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். வேலையாட்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா, ஊறிய மெத்தையையும் பெயர்த்த காரையையும் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், தரையைப் பெயர்க்கும் வேலை மதிப்பீட்டில் சேர்ந்ததா என்று கேளுங்கள். ‘ஓசோன் மெஷின் வைத்தால் ஒரே நாளில் வாடை போய்விடும்’ என்பதையே முதல் பதிலாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். ஊறியதை எடுக்காமல் வைக்கும் எந்த இயந்திரமும் வாடையைச் சில நாள் அடக்கி வைக்குமே தவிர ஒழிக்காது.

அவர்கள் செய்ய வேண்டியதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் சரிபார்க்க முடியும். ஈக்களையும் புழுக்களையும் முதலில் ஒழிப்பார்கள். மெத்தையின் மேல் லேசாகக் கிருமிநாசினி தெளித்து, ஓரங்களை உள்பக்கமாக மடித்துச் சுருட்டி, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி நாடா ஒட்டுவார்கள். தூக்கி உதறக் கூடாது, தரையில் இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. பவானி ஜமுக்காளத்தைத் துவைத்து வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். தடித்த பருத்தி நூல் உறிஞ்சியதை விடாது. அதையும் மெத்தையோடு அனுப்பிவிடுங்கள். நாடாக் கட்டிலின் நாடாவை அறுத்தெறிந்துவிட்டு, இரும்புச் சட்டமானால் துடைத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு தரை: வெடிப்புள்ள இடத்தைப் பெயர்த்து, கறை பட்ட மண் தீரும்வரை அள்ளி, குளோரின் நீர் தெளித்துக் காயவிட்டு, புதுக் காரை போடுவது. சுவரிலும் கறை ஏறிய அளவுக்குப் பூச்சைக் கொத்த வேண்டும். அதன் மேல் நம் பழைய சுண்ணாம்புப் பூச்சே போதும்.

சுற்றிய மெத்தையைக் காட்டோரம் போட்டுக் கொளுத்துவதும், வாய்க்காலில் தள்ளுவதும் கூடாது. ஊராட்சிச் செயலரிடமோ வட்டாரச் சுகாதார ஆய்வாளரிடமோ முன்கூட்டிச் சொல்லி, உடல்நீர் பட்ட கழிவு என்று எழுதி ஒட்டி ஒப்படையுங்கள். நிறுவனமே எடுத்துச் செல்வதானால் மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்த்ததற்கான சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த அறை முடியும்வரை அதன் கதவைப் பாலிதீன் தாளால் மூடி வையுங்கள். இப்போது மற்ற அறைகள். பலரும் பயப்படுவது பிணம் கிடந்த அறைக்கு. என் கணிப்பில் குடும்பத்தாருக்கு ஆபத்து அதிகம் இங்கேதான், ஏனென்றால் இங்கே வெறுங்கையோடு நுழைவார்கள்.

தோட்டத்து வீட்டில் முதலில் தேட வேண்டியது பூச்சிமருந்து. குறிப்பாக, மஞ்சளும் தானியமும் இருப்பு வைக்கிற வீடுகளில் மூட்டைக்கிடையே வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. சாம்பல் நிற மாத்திரையாக, சிறு அலுமினியக் குழாயில் இருக்கும். ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை விடும். அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. அது எங்கே கிடக்கிறது என்று தெரியாத அறையில் தண்ணீர் அடிப்பதும் பிளீச்சிங் நீர் தெளிப்பதும் எத்தகைய விபரீதம் என்று சொல்ல வேண்டியதில்லை. பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வந்தால் எல்லோரும் வெளியேறி, 101-க்கு அழையுங்கள். மூடி கழன்ற பழைய மருந்து டின்கள், எலிப் பசை ஆகியவற்றை உலர்ந்த நிலையிலேயே தனிப் பெட்டியில் வெளியே எடுத்து நிழலில் வைத்து, வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்றிலோ சாக்கடையிலோ கவிழ்க்காதீர்கள்.

அடுத்தது ஊசி. சர்க்கரைக்காரர் வீட்டில் அது தலையணை உறைக்குள்ளும், மாத்திரை அட்டைகளுக்கிடையிலும், ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் இருக்கும். குவியலுக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள். இடுக்கியால் எடுத்து, மூடி போட முயலாமல், கெட்டியான பிளாஸ்டிக் கேனில் போட்டு மூடுங்கள். குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், பிளீச்சிங் நீரும் ஊற்ற வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேவைப்பட்டால் தரும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.

எலிப் புழுக்கையை விளக்குமாற்றால் பெருக்கினால் தூசியாகி மூக்குக்குள் போகும். அரை மணி நேரம் கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மருந்துகள் வெளியேறியது உறுதியான பிறகு, புழுக்கையின் மேல் குளோரின் நீரை மெல்லத் தெளித்து, ஊறியதும் துணியாலோ பழைய பேப்பராலோ வழித்தெடுங்கள். மின்விசிறி போடாதீர்கள். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும் என்பது தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. பேப்பர்க் கட்டைக் கம்பால் தள்ளிப் பார்த்துவிட்டு மேலிருந்து கீழாக எடுங்கள், அட்டாலியைப் பகலில் மட்டும் தொடுங்கள்.

உடைக்கு என்-95 முகக்கவசம், கண்ணாடி, கம்பூட், உள்ளே மெல்லிய கையுறை, மேலே தடித்த ரப்பர்க் கையுறை. என்-95 தூசியைத் தடுக்கும், வாடையைத் தடுக்காது. வாடை வருகிறதே என்று அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம்.

சாமான்களைக் கழிக்கும்போது ‘வேண்டும், வேண்டாம்’ என்ற விவாதத்தை அறைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். வாசலில் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து பிரியுங்கள். பங்காளிகள், அத்தைமார் என்று உரிமையுள்ளவர்கள் முன்னிலையில், போட்டோ எடுத்துக்கொண்டு. தனியாக வாழ்ந்த பெரியவர்கள் பத்திரத்தைப் பீரோவில் வைப்பதைவிடப் பேப்பர்க் கட்டுக்குள் வைப்பது அதிகம். எனவே எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு கட்டையும் விரித்துப் பாருங்கள்: கிரயப் பத்திரம், கூட்டுறவுச் சங்க நகைக்கடன் ரசீது, அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம், எல்.ஐ.சி. பாலிசி. ரூபாய் நோட்டு நனைந்தோ கறைபட்டோ இருந்தால் கவருக்குள் தனியே வைத்து வங்கிக் கிளையில் மாற்றிக்கொள்ளலாம். 2,000 ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி அலுவலகம் வழியாகத்தான் மாற்ற முடியும். 2016-இல் செல்லாததாக்கப்பட்ட பழைய 500, 1,000 ரூபாய்க் கட்டு கிடைத்தால் நினைவாக வைத்துக்கொள்ளாதீர்கள்; பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே 2017-இல் வந்த சட்டப்படி அபராதத்துக்குரியது. வக்கீல் ஒருவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வேலை முடிந்து ஒரு மாதம்வரை யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், எலி நிறைந்த வீட்டைச் சுத்தம் செய்ததாக மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எலிக் காய்ச்சல் என்று தெரிந்தால் மருந்து உண்டு. சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே நாள் கடந்துவிடும்.

நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் அன்றே கொடுத்துவிடாதீர்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, வாசனைத் தெளிப்பான் எதுவும் இல்லாமல் வீட்டை இரண்டு நாள் பூட்டி வைத்து, மூன்றாம் நாள் நண்பகலில், ஓடு சூடேறியிருக்கும் நேரத்தில், அந்த அறையைத் திறந்து பாருங்கள். வாடை இருந்தால் தரையிலோ சுவரடியிலோ இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அவர்களையே வரவழைத்து மேலும் பெயர்க்கச் சொல்லுங்கள்.